ஓடிட்டே இருக்கும்போது நின்னு போற படகு டீசல் இஞ்சின்: எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கணும்

ஒரு சீசன் முழுக்க எங்க பாய்மரப் படகோட இஞ்சின் எங்களைப் படுத்தாத பாடு இல்ல. சென்னை துறைமுகத்துக்குள்ள கட்டி வெச்சிருக்கோம், 27 அடி பழைய ஃபைபர் படகு, நாலு பேர் கூட்டு, உள்ள ரெண்டு சிலிண்டர் 18 எச்பி டீசல். சாவி திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆகும், சத்தமும் நல்லாத்தான் இருக்கும், துறைமுக வாயைத் தாண்டி வெளிய போய் பாய் ஏத்தலாம்னு நினைக்கும்போது ஆர்பிஎம் லேசா ஏறி இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி இழுத்து இழுத்து அடங்கிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு மறுபடி அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ஃபில்டர் மாத்தினோம், டேங்க்லேர்ந்து டீசலை இழுக்குற ஃபீட் பம்ப் புதுசு போட்டோம், சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில் ரெண்டையும் கழட்டி பம்ப் கடையில குடுத்து சர்வீஸ் பண்ணோம், ஆளுக்கு நாலாயிரம் செலவு, ஒண்ணும் தீரல. கடைசில என்ன கண்டுபிடிச்சோம்னு கீழ சொல்றேன், சிரிக்கக் கூடாது. எந்த வரிசைல தேடியிருந்தா அந்தப் பணமும் நாலு மாசமும் மிச்சமாகியிருக்குமோ அந்த வரிசைலயே இதை எழுதுறேன்.

இஞ்சினைத் தொடுறதுக்கு முன்னாடி படகைப் பாருங்க

சென்னைல மதியத்துக்கு மேல கடல் காத்து கிழக்கேர்ந்தும் தென்கிழக்கேர்ந்தும் அடிக்கும். அதாவது இஞ்சின் நின்னா உங்களைக் கரைப்பக்கம்தான் தள்ளும். கோடைல கடல் நீரோட்டம் தெற்கேர்ந்து வடக்க ஓடும், ராயபுரம் காசிமேடு பக்கம் கரை முழுக்க கருங்கல் கொட்டி வெச்சிருக்காங்க, அந்தக் கல்லு மேல போய் சேர்றதுக்கு ரொம்ப நேரம் தேவையில்ல. அதனால நின்னவுடனே ஹேட்ச்சைத் திறந்து தலையை உள்ள விடாதீங்க. முன்பாயை விரிச்சு வேகம் எடுங்க, காத்து சுத்தமா இல்லன்னா நங்கூரம் போடுங்க, ஆழம் அதிகம் இல்லாத கடல்தான், கயிறு தாராளமா விடுங்க. விஎச்எஃப் ரேடியோல அவசரச் சேனல் 16 ஆன்ல இருக்கட்டும். நிலைமை கை மீறுதுன்னு தோணினா கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கூச்சப்படாம அடிங்க.

அடுத்தது செல்ஃப் அடிக்கிற விஷயம். நின்ன இஞ்சினை விடாம கிறு கிறுன்னு செல்ஃப் அடிச்சிட்டே இருக்காதீங்க. பேட்டரி போறது ஒரு பக்கம், அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. இஞ்சின் சுத்தும்போதெல்லாம் கடல் தண்ணி பம்பும் சுத்தி சைலன்சர் டப்பாக்குள்ள தண்ணிய அனுப்பிட்டே இருக்கும், ஆனா இஞ்சின் ஓடாததால அதை வெளிய தள்ள புகை கிடையாது. டப்பா ரொம்பி தண்ணி எக்ஸாஸ்ட் வழியா பின்னாடி ஏறி சிலிண்டருக்குள்ளயே போயிடும். அப்புறம் நீங்க தேடப் போறது நின்னு போற பிரச்சனை இல்ல, புது இஞ்சின். நீளமா செல்ஃப் அடிக்கணும்னா சீகாக்கை, அதாவது கடல் தண்ணி உள்ள வர்ற வால்வை, மூடுங்க, இஞ்சின் பத்திக்கிட்ட அந்த நொடியே திறங்க. திறக்க மறக்காம இருக்க நான் வீட்டுச் சாவிக்கொத்தை அந்த வால்வு கைப்பிடியிலயே மாட்டி வெச்சிடுவேன்.

எப்படி நின்னுச்சுன்னு ஞாபகப்படுத்துங்க

காசிமேட்டுல டிராலர் இஞ்சின் பாக்குற அண்ணன் ஒருத்தர்கிட்ட கடைசியா போய் நின்னேன். நான் மாத்தின பார்ட்ஸ் லிஸ்ட்டை வரிசையா சொல்லிட்டிருந்தேன், அவரு காதுலயே போட்டுக்கல. "அதெல்லாம் வுடு தம்பி, எப்டி நின்னுச்சு? டப்புன்னு நின்னுச்சா, இல்ல இழுத்துகினு நின்னுச்சா?"னு கேட்டாரு. நாலு மாசத்துல எங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோணல.

டப்புன்னு, யாரோ ஸ்விட்சை ஆஃப் பண்ண மாதிரி நின்னா ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு புரொப்பல்லர்ல வலைத்துண்டோ நைலான் கயிறோ சுத்திக்கிட்டது. எங்க பக்கத்துல இது சகஜம், அறுந்த வலை எவ்வளவோ மிதக்குது. கியரை நியூட்ரல்ல போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, நல்லா ஓடி, கியர் போட்டவுடனே நின்னா கீழ ஏதோ மாட்டியிருக்கு. இன்னொண்ணு ஸ்டாப் சொலினாய்டு, அதாவது இஞ்சினை நிறுத்த டீசலை அடைக்கிற கரண்டு ஸ்விட்ச். சில இஞ்சின்ல கரண்டு இருந்தாத்தான் டீசல் போகும், உப்புக் காத்துல பச்சை பூத்த ஒரு ஒயர் முனை போதும் அதை நிறுத்த. கையால இழுக்குற ஸ்டாப் கேபிளா இருந்தா அது முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, பாதில நின்னா இஞ்சின் அரைப்பட்டினில ஓடும். டப்புன்னு நின்னதோட தொட முடியாத சூடும் இருந்தா விஷயமே வேற, செல்ஃப் அடிக்காம ஆற விடுங்க.

கறுப்புப் புகை தள்ளி, திணறி, ஆர்பிஎம் ஏறவே மாட்டேன்னு அடம்பிடிச்சு நின்னா டீசல் போதலன்னு அர்த்தம் இல்ல, காத்து போதல, இல்லன்னா சுமை ஜாஸ்தி. அதைப் பின்னாடி பாக்கலாம்.

ஆர்பிஎம் ஏறி இறங்கி, இழுத்து இழுத்து நின்னா டீசல் வழியிலதான் கோளாறு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கு கிடையாது, காயில் கிடையாது, காத்தும் டீசலும் அழுத்தமும் இருந்தா ஓடிட்டே இருக்கும். நல்லா ஸ்டார்ட் ஆகுற இஞ்சினுக்கு அழுத்தம் இருக்குன்னு ஆயிடுச்சு, மிச்சம் டீசல்தான். ஒண்ணு அடைப்பு, இல்ல ஏர் எடுக்குது, அதாவது டீசல் குழாய்க்குள்ள காத்து புகுந்துடுது.

அந்த ரெண்டையும் பிரிக்கிறதுக்கு ஒரு அடையாளம் இருக்கு. நின்ன பிறகு ஒண்ணுமே பண்ணாம கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆகுதுன்னா பெரும்பாலும் அடைப்பு. ஏர் எடுத்துடுச்சுன்னா நிறைய இஞ்சின்ல ப்ளீடிங் பண்ணாம, அதாவது அந்தக் காத்தை வெளியேத்தாம, ஸ்டார்ட் ஆகாது. ஆடுற கடல்ல மட்டும் நின்னு, துறைமுகத்துக்குள்ள நல்லா ஓடினா டேங்க் அடில கிடக்குற சேறு கலங்குது, இல்லன்னா டீசல் கம்மியா இருந்து படகு சாயும்போது உறிஞ்சுற குழாய் வாய் வெளிய வந்து காத்தைக் குடிக்குது. கால் டேங்குக்கு கீழ விடாம பாத்துக்கங்க. கேஜை நம்பாதீங்க, குச்சி விட்டுப் பாருங்க.

டேங்க் மூடியைத் திறங்க

இது அஞ்சு பைசா செலவில்லாத டெஸ்ட், அதனாலேயே யாரும் பண்றதில்ல. டேங்க்லேர்ந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்கு காத்து உள்ள வரணும், அதுக்குன்னு ஒரு வென்ட் குழாய் படகு பக்கவாட்டுல வெளிய திறந்திருக்கும். அது அடைச்சிருந்தா டேங்க்ல வெற்றிடம் ஏறி ஒரு கட்டத்துல ஃபீட் பம்பால இழுக்க முடியாம போயிடும். இஞ்சின் நின்னவுடனே டேங்க் மூடியைத் திருகுங்க, ஸ்ஸ்ஸ்னு காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டா வேலை முடிஞ்சது.

எங்களுது அதுதான். வென்ட் வாயில குளவி மண்ணு வெச்சுக் கூடு கட்டியிருந்தது. மழைக்காலத்துல அக்டோபர்லேர்ந்து மூணு மாசம் படகை எடுக்கல, அது பாட்டுக்கு வீடு கட்டிடுச்சு. ஒரு சைக்கிள் கம்பியை விட்டு நோண்டினேன், காஞ்ச செம்மண்ணு உருண்டை உருண்டையா வந்து, அதோட உள்ள காஞ்சு போன புழு ரெண்டு, வென்ட் வாய்க்கு கீழ வெள்ளைப் பெயின்ட்ல ஒரு செம்மண் கோடு வேற, நாலு மாசமா அந்தக் கோட்டைத் தாண்டித்தான் படகுல ஏறியிருக்கோம்.

இதுல எங்களைக் குழப்பினது ஒரு விஷயம். டேங்க் ஃபுல்லா இருந்த அன்னிக்கு அரை மணி நேரத்துல நின்னுடும், பாதி டேங்க் இருக்கும்போது ரெண்டு மணி நேரம் கூட ஓடும். டீசல் நிறைய இருந்தா சீக்கிரம் நிக்குதேன்னு பங்க் டீசலையே திட்டினோம். யோசிச்சா கணக்கு சுலபம்: 40 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருக்கும்போது மேல காத்து இருக்குற இடம் ஒரு லிட்டரோ ரெண்டு லிட்டரோதான், அதுல அரை லிட்டர் டீசல் வெளிய போனாலே வெற்றிடம் பலமா ஏறிடும். பாதி டேங்க்ல 20 லிட்டர் காத்து இருக்கு, அதே அரை லிட்டர் போனா ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் ஃபுல் டேங்க்ல சீக்கிரம் நிக்குதுன்னா நேரா வென்ட்டுக்குப் போங்க.

ஃபில்டர் கிண்ணத்துல என்ன இருக்கு

வென்ட் நல்லாருந்தா அடுத்தது டேங்குக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்குற முதல் ஃபில்டர். கீழ கண்ணாடிக் கிண்ணம் இருக்குற வகைன்னா டிரெயின் திருகி ஒரு பழைய தண்ணி பாட்டில்ல அரை பாட்டில் பிடிங்க, பத்து நிமிஷம் அசைக்காம வைங்க. தண்ணி இருந்தா கீழ தனியா நிக்கும், மேல டீசல், நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தக் கோட்டுல கறுப்பா, மூக்குச்சளி மாதிரி ஏதாவது தொங்கினா அது டீசல்ல வளர்ற பூஞ்சை. தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துலதான் அது வாழும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கும் சூட்டுக்கும் கொழுத்து வளரும். ஃபில்டரை மாத்தினா ரெண்டு வாரம் தாங்கும், திரும்பவும் அடைக்கும், டேங்க்கைக் கழுவாம தீராது.

ஃபில்டருக்குள்ள மாத்துற எலிமென்ட் வாங்கும்போது மைக்ரான் பாருங்க, நம்பர் குறைஞ்சா நைசு. ராக்கோர் கம்பெனி வகைல 30 மைக்ரான் சிவப்பு, 10 நீலம், 2 பிரவுன். இஞ்சின் மேலேயே இன்னொரு நைசான ஃபில்டர் இருக்கிறதால முதல் ஃபில்டருக்கு 10 இல்ல 30 போதும், 2 போட்டா சீக்கிரம் அடைச்சு அதுவே இஞ்சினை நிறுத்தும். நைசா இருந்தா நல்லதுன்னு நினைச்சு நானும் ஒரு தடவை பிரவுனு போட்டு மாட்டிக்கிட்டேன்.

மாட்டும்போது மூடிக்கு கீழ இருக்குற பெரிய ஓ-ரிங்கையும், மேல கைப்பிடி திருகுல இருக்குற குட்டி ஓ-ரிங்கையும் புதுசு போடுங்க. அந்தக் குட்டிய எல்லாரும் விட்டுடுவாங்க. டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சுற பாதை, அதனால அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும், ஒரு சொட்டு கூட வெளிய தெரியாம இஞ்சின் ஏர் எடுத்துட்டே இருக்கும். ஃபீட் பம்புக்கு அந்தாண்ட தள்ளுற பாதை, அங்க ஓட்டை இருந்தா டீசல் கசியும், கைக்குத் தெரிஞ்சிடும். "எங்கயும் லீக் இல்லியே"ன்னு சொல்றவங்க எல்லாரும் அந்தாண்ட பக்கத்தை மட்டும் பாத்துட்டு சொல்றவங்க.

கேன் டெஸ்ட்

இது ஒண்ணு தெரிஞ்சிருந்தா போதும். புது பத்து லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் எடுத்துக்கங்க, இஞ்சினை விட உயரமான இடத்துல, காக்பிட் சீட் மேல, கயிறு போட்டுக் கட்டுங்க. ஃபீட் பம்புக்கு உள்ள வர்ற ஹோஸைக் கழட்டி, அங்க ஒரு கண்ணாடி மாதிரி தெரியுற டீசல் ஹோஸை மாட்டி மறுமுனையை கேனுக்குள்ள விடுங்க. நாசில்லேர்ந்து திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்கே திருப்புங்க, மறந்தா பழைய டேங்குக்குப் போகும், பரவால்ல, ஆனா எவ்வளவு எரியுதுன்னு கணக்கு தெரியாது. ப்ளீட் பண்ணி ஸ்டார்ட் பண்ணி, கட்டின இடத்துலயே கயிறு நல்லா இறுக்கி, கியர் போட்டு, வழக்கமா நிக்கிற நேரத்தை விட ரெண்டு மடங்கு நேரம் ஓட்டுங்க.

நிக்கலன்னா இஞ்சின்ல ஒண்ணுமே இல்ல. பம்ப், நாசில் எதையும் கழட்டாதீங்க, கோளாறு டேங்க்லேர்ந்து அந்த ஹோஸ் வரைக்கும்தான். நாங்க இதை முதல் நாள் பண்ணியிருந்தா பம்ப் கடைக்காரர் எங்களைப் பாத்திருக்கவே மாட்டாரு.

அந்தப் பாதைல தேடுறதுக்கு ஒரு சைக்கிள் பம்ப் போதும். ஹோஸ் முனையிலேர்ந்து டேங்க் பக்கமா மெதுவா அடிங்க, டேங்க் மூடி திறந்திருக்கணும், ஒரு ஆள் அங்க காது வெச்சுக் கேக்கணும். குபு குபுன்னு தாராளமா கேட்டா வழி திறந்திருக்கு. அடிக்கக் கஷ்டமா இருந்து, திடீர்னு விட்டு, குபீர்னு வந்தா உறிஞ்சு குழாயோட அடில இருக்குற வலைல ஏதோ அடைச்சிருந்து இப்ப விலகியிருக்கு, திரும்ப வந்து ஒட்டிக்கும். குழாயைக் கழட்டி வலையைச் சுத்தம் பண்ணுங்க. கம்ப்ரசர் காத்து மட்டும் விடாதீங்க, டேங்க் மூட்டு விட்டுடும்.

ஹோஸ் பழசா இருந்தா வெளிய பாக்க நல்லாருக்கும், உள் தோல் உரிஞ்சு வால்வு மாதிரி மடங்கி வழியை மூடும், கைல அமுக்கிப் பாத்தா கண்டுபிடிக்க முடியாது, பத்து வருஷம் ஆச்சுன்னா யோசிக்காம மாத்துங்க. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல டீசல் ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர் எல்லாம் கிடைக்கும், பழைய துண்டைக் கைல எடுத்துட்டுப் போங்க. ஜாயின்ட்ல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அதோட பிசிறு பம்புக்குள்ள போகும். எம்-சீல் அப்பிட்டு ஓட்டுறது கரை வந்து சேர்ற வரைக்கும் சரி.

கேன்லயும் நின்னா

அப்ப ஃபீட் பம்ப்லேர்ந்து அந்தாண்ட பாருங்க. முதல்ல ஆயில் குச்சியை எடுங்க. ஆயில் மட்டம் ஏறியிருந்து, டீசல் வாசனை அடிச்சு, தண்ணி மாதிரி ஓடினா ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிஞ்சு டீசல் ஆயில்ல கலக்குது, ஆயிலையும் மாத்தணும், அது வரைக்கும் ஓட்டக் கூடாது. ஆயில் நல்லாருந்தா கேனை இன்னும் உயரத்துல வெச்சு ஃபீட் பம்பை விட்டுட்டு நேரா இஞ்சின் மேல இருக்குற ரெண்டாவது ஃபில்டருக்கு ஹோஸ் குடுங்க. தன்னால இறங்குற டீசல்ல நல்லா ஓடினா ஃபீட் பம்ப்தான் குற்றவாளி. அப்படியும் நின்னா ரெண்டாவது ஃபில்டரை மாத்துங்க, அதுக்கு அப்புறம்தான் நாசிலுக்கு அழுத்தமா டீசல் தள்ளுற பெரிய பம்ப், நாசில், எல்லாம்.

ப்ளீடிங்

சில புது இஞ்சின் தானே ஏரை வெளியேத்திக்கும், மேனுவல் பாருங்க. பழசுல கையாலதான். ரெண்டாவது ஃபில்டர் தலைல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதை ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, கீழ துணி வெச்சு, ஃபீட் பம்ப் பக்கத்துல இருக்குற சின்ன லிவரை அடிங்க. லிவர் சும்மா லொட லொடன்னு ஆடி டீசலே வரலன்னா பம்ப் போயிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, உள்ள கேம் தூக்கின நிலைல நின்னிருக்கும், இஞ்சினை ஒரு சுத்து கையால சுத்திட்டு மறுபடி அடிங்க. முதல்ல நுரை, அப்புறம் குமிழ், அப்புறம் சுத்தமான டீசல் வரும், வரும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்க. பெரிய பம்ப் வாயில இருக்குற ஸ்க்ரூலயும் அதே மாதிரி.

இதுக்கும் ஸ்டார்ட் ஆகலன்னா நாசில் பைப் நட்டை ஒரு சுத்து லூஸ் பண்ணி, ஆக்சிலரேட்டர் முழுசா வெச்சு, சிலிண்டர் அழுத்தத்தை விடுற டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, சீகாக்கை மூடி செல்ஃப் அடிங்க, நட்டுல டீசல் துப்பும், துப்பினவுடனே இறுக்குங்க. அங்க விரலை மட்டும் வெச்சுடாதீங்க. அந்த அழுத்தத்துல பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலி கூட லேட்டா வரும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கண்ணாடி போட்டுக்கங்க.

கறுப்புப் புகைக்காரங்களுக்கு

புரொப்பல்லரையும் அடிப்பக்கத்தையும் பாருங்க. துறைமுகத் தண்ணில ரெண்டு மாசம் சும்மா கிடந்தா சிப்பி ஒட்டி புரொப்பல்லர் முள்ளங்கத்திரிக்கா மாதிரி ஆயிடும், இஞ்சின் சுத்தவே திணறும். அடுத்தது ஏர் ஃபில்டர், கழட்டிட்டு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். அப்புறம் எக்ஸாஸ்ட் எல்போ, புகையும் கடல் தண்ணியும் கலக்குற இடம், அங்க கரியும் உப்பும் சேர்ந்து கல்லு மாதிரி கட்டிக்கும். நான் கழட்டினப்போ சுண்டு விரல் நுழையல. நியூட்ரல்ல நல்லா ஓடி, கியர் போட்டு மெதுவா போகும்போது மட்டும் நின்னா, அடியில ஒண்ணும் இல்லன்னா, ஐடில் ஸ்பீடு இறங்கியிருக்கலாம், 850 ஆர்பிஎம் பக்கம் வைங்க.

சூடாகி நிக்கிறது தனிக் கதை. எக்ஸாஸ்ட்ல தண்ணி வருதான்னு ஸ்டார்ட் பண்ணவுடனே எட்டிப் பாக்குறது பழக்கமா இருக்கணும். மழைக்கு அப்புறம் கூவம் கொண்டு வந்து கொட்டுற பிளாஸ்டிக் கவர் சீகாக் வாயில ஒட்டிக்கிட்டா ரெண்டு நிமிஷத்துல கடல் தண்ணி பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இம்பெல்லர் கருகிடும். இம்பெல்லர் இதழ் உடைஞ்சிருந்தா உடைஞ்ச துண்டு எங்க போச்சுன்னு தேடி எடுங்க, உள்ள எங்கயாவது மாட்டி தண்ணி வழியை மறிச்சிட்டு இருக்கும்.

மழைக்காலத்துக்கு முன்னாடி

படகை நிறுத்தி வைக்கும்போது டேங்க்கை ஃபுல்லா வைங்க, மேல காத்துக்கு இடம் இருந்தா அதுல இருக்குற ஈரம் ராத்திரி வேர்த்து தண்ணியா கீழ இறங்கும். பங்க்லேர்ந்து கேன்ல வாங்கிட்டு வர்ற டீசலை வலை வெச்ச புனல் வழியா ஊத்துங்க. படகுல எப்பவும் ரெண்டு ஃபில்டர் எலிமென்ட், ஒரு இம்பெல்லர், ஓ-ரிங் செட்டு, காப்பர் வாஷர் பத்து, ரெண்டு மீட்டர் ஹோஸ், 17 நம்பர் ஸ்பேனர் இருக்கணும். வென்ட் வாய்க்கு நாங்க இப்ப டீ வடிகட்டி வலையை வெட்டி கம்பி சுத்தி வெச்சிருக்கோம். போன வாரம் பாத்தேன், குளவி வந்து உக்காந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு பக்கத்துல இருக்குற மாஸ்ட் லைட் ஒயர் ஓட்டைக்குப் போயிட்டிருக்கு.